மோட்டார் இன்ஷியூரன்ஸும் ஒரு வீண் பயமும்

(முடிச்சூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பேசி வந்த இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச ஒருவன் வந்தானே என்று சிலர் வியக்கக்கூடும். நம்மவரில் பலர் கடன்பட்டு வண்டி வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடையே ஒரு பயம் பரவியிருப்பதைக் காண்கிறேன். "வழியில் வண்டி நின்றுவிட்டால் இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் உதவி வண்டியை அழைக்காதே, மூன்று முறை அழைத்தால் பாலிஸியையே ரத்துச் செய்துவிடுவார்கள்" என்பதே அது.

இப்பயம் என் குடும்பத்தில் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், அடையாறு பெருகி நம் தெருக்களில் படகு வந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் நீர் சூழ்ந்தது. அப்போது என் மைத்துனருடைய கார் வாசலிலேயே நீரில் நின்றது. அவ்வருஷம் பாட்டரி இறங்கியதற்கு ஒரு முறையும், டயர் பழுதுக்கு ஒரு முறையும் அவர் உதவி வண்டியை அழைத்திருந்தார். மூன்றாம் முறை அழைத்தால் பாலிஸி போய்விடும் என்று ஏஜெண்டு ஒருவர் சொன்னதை நம்பி, நீர் வடிந்ததும் தாமே சாவியைத் திருகினார். காற்றை அமுக்குவதுபோல் நீரை அமுக்க இயலாது. பிஸ்டன் மேலே எழ இடமின்றி உள்ளே இரும்புத் தண்டு வளைந்து, எஞ்சின் பாழாயிற்று. வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, நீர் புகுந்த எஞ்சினை ஓட்ட முயன்றதால் வந்த சேதம் வேறு என்று கூறி, கம்பெனியார் எஞ்சின் செலவைத் தர மறுத்தனர். எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச் ஷரத்துக்கு அவர் பணம் கட்டியிருக்கவில்லை. இழுவை வண்டியை அழைத்திருந்தால் எஞ்சினை இழந்திருக்கவேண்டியதில்லை.

அந்த ஏஜெண்டின் வார்த்தைக்கு ஆதாரம் உண்டா? பழைய பொது மோட்டார் பாலிஸியின் நிபந்தனைகளில், ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து, மிஞ்சிய காலத்துக்குரிய பிரீமியத்தைத் திருப்பித் தந்து, கம்பெனியார் பாலிஸியை ரத்துச் செய்யலாம் என்றிருந்தது உண்மையே. காரணம் இன்னதாக இருக்கவேண்டும் என்று அதில் இல்லை. ஆகையால் பயந்தவரை முழு மூடர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார் வெளியிட்ட சுற்றறிக்கை நிலைமையை மாற்றிவிட்டது. தனி நபருடைய பாலிஸியை, மோசடி நிரூபணமானால் மட்டுமே, அதுவும் குறைந்தது ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்தே, கம்பெனியார் ரத்துச் செய்யலாம். நாமோ காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் ரத்துச் செய்துகொள்ளலாம். பாட்டரி இறங்கியதற்கு உதவி கேட்பது எந்த அகராதியின்படி மோசடியாகும்?

இவ்வதந்தி பிறந்த இடத்தையும் ஊகிக்கிறேன். வழியுதவி ஷரத்தில் பெரும்பாலும் வருஷத்துக்கு நான்கு முறை என்பதுபோல் ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்தால் அவ்வருஷத்துக்கு அந்த உதவி மட்டுமே நிற்கும், பாலிஸி நிற்காது. "உதவி நின்றுவிடும்" என்பது வாய்க்கு வாய் மாறிப் "பாலிஸி நின்றுவிடும்" என்றாகியிருக்கலாம். அமெரிக்காவில் சில கம்பெனிகள் இழுவை உதவியையும் க்ளெய்ம் கணக்கில் சேர்க்கும் வழக்கம் உண்டு. அங்குள்ள நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டும் பயம் வளர்ந்திருக்கலாம்.

கவனிக்கவேண்டியது வேறொன்று உண்டு. அதுவே போனஸ். க்ளெய்ம் கேளாத வருஷங்களுக்கு, சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதமாகத் தள்ளுபடி ஏறிச் செல்லும். சொந்தச் சேதத்துக்கு ஒரு க்ளெய்ம் கேட்டால், அடுத்த வருஷம் அது அற்றுப்போகும். வழியுதவியைத் தனிச் ஷரத்தாக வாங்கியிருந்தால் அதை அழைப்பதால் போனஸ் குறையாதென்பதே பொதுவான வழக்கம். ஆனால் சொந்தச் சேதப் பகுதியிலேயே காரை இழுத்துச் செல்லும் செலவுக்கு 1500 ரூபாய் வரை அளிக்கும் பழைய ஷரத்தின்படி கேட்டால், அது க்ளெய்மோடு சேர்ந்ததாகும். எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதை டெலிபோனில் கேட்டால் போதாது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அநியாயமாக ரத்து நோட்டீஸ் வந்தாலோ, க்ளெய்ம் மறுக்கப்பட்டாலோ, வாளாவிருக்கவேண்டாம். மூன்றாமவருக்கான இன்ஷியூரன்ஸ் இல்லாமல் தெருவில் வண்டி ஓட்டினால் முதல் முறையே 2000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அங்கே இடமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரங்களை அவர் விசாரிப்பார். அவர் தீர்ப்புக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தியில்லையேல் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லத் தடையில்லை.

ஆனால் கம்பெனியார் மறுத்த ஒரு வருஷத்துக்குள் ஆம்பட்ஸ்மனிடம் போகவேண்டும். என் மைத்துனர் "போனது போகட்டும்" என்றிருந்து, பதினான்கு மாதம் கழித்தே கடிதத்தை என்னிடம் காட்டினார். ஆம்பட்ஸ்மனிடம் போகும் தவணை அதற்குள் கடந்துபோயிற்று. அத்தகைய கடிதம் எவர் வீட்டிலேனும் இருந்தால், தேதியைப் பார்த்து, பாலிஸியையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள். மனு நான் எழுதித் தருகிறேன்.