ஓதம் எங்கிருந்து வருகிறது?



மாரிகாலம் கழிந்ததும் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு கவலை தலைகாட்டும். சென்ற தைப்பொங்கலுக்குப் புதிதாக வர்ணம் பூசிய சுவரில் மங்கிய மஞ்சட் கறையொன்று படரும்; பூச்சு பொருமி உதிரும்; உதிர்ந்த இடத்தில் வெண்பொடிபோல் உப்புப் பூக்கும். வீட்டுத் தலைவர் மேசனை அழைப்பார். மேசன் பழுதான பூச்சைக் கொத்தியெறிந்து, புதுச் சீமெந்துச் சாந்தை அப்பி, மேலே வர்ணமும் பூசிவிட்டுப் போவார். அடுத்த மாரியில் அதே கறை அதே இடத்தில் வந்து நிற்கும். சில குடும்பங்களில் இஃது ஆண்டுதோறும் நடைபெறும் சடங்காகவே ஆகிவிட்டது.

இவ்வாறு செலவாகும் பணம் சிறிதன்று. அதனினும் பெரிது, ஓதம் ஏறிய அறையில் படுத்துறங்கும் பிள்ளைகளின் உடல்நலம். ஈரச் சுவரில் பூஞ்சணம் வளரும். அதன் நுண்ணிய வித்திகள் காற்றிற் கலந்து, இழுப்பு நோய் உள்ளவர்களை வருத்தும். ஆகவே ஓதத்தை எவ்வாறு மறைக்கலாம் என்று கேட்பதை விட்டு, அஃது எங்கிருந்து வருகிறது என்று அறியும் முறையை இன்று சிறிது சிந்திப்போம். நான் கட்டிடக்கலை பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் பழைய கட்டிடங்களைப் பேணும் பொறுப்பு அரசினர் பாடசாலை அதிபர் ஒருவருக்கு இயல்பாகவே வந்து சேர்கிறது. அந்த வகையில் கற்றவற்றையும், விடயம் அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் தங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். நீர் சுவரில் தோன்றும் இடம் வேறு. அது சுவருக்குள் புகுந்த இடம் வேறாக இருக்கலாம். சுவருக்கு நீர் வரக்கூடிய வழிகள் நான்கு. மேலிருந்து வரலாம்: உடைந்த ஓடு, அடைபட்ட பீலி, வெடித்த கொங்கிறீற்றுத் தட்டு என்பன அதற்குக் காரணமாகும். பக்கத்திலிருந்து வரலாம்: வெளிப்பூச்சில் உள்ள வெடிப்பு, யன்னலின் ஓரம், முற்றத்தில் விழுந்து தெறிக்கும் தாழ்வார நீர் ஆகியவை அதற்கு வாயில்கள். கீழிருந்து வரலாம்: விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, கல்லும் சாந்தும் மயிர்த்துளைத் தன்மையினால் நிலத்து நீரை உறிஞ்சி மேலேற்றும். நான்காவது, வீட்டினுள்ளிருந்தே வரலாம்: சுவரினுள் புதைத்த நீர்க்குழாய் கசியலாம், அறையின் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரிற் படியலாம். இந்நான்கில் எது என்று தெரியாமல் செய்யும் எந்த வைத்தியமும் இருட்டில் எறிந்த கல்லேயாகும்.

நான்கையும் பிரித்தறிவதற்கு உதவும் முதற் சாட்சி காலம். ஒரு பென்சிலை எடுங்கள். கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, அருகே திகதியை எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவ்வாறே செய்யுங்கள். மழை பெய்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்துவாருங்கள். மழை பெய்த சில மணித்தியாலங்களில் கறை விரிந்து, வெயில் எறிந்ததும் சுருங்குமாயின், நீர் கூரையிலிருந்தோ வெளிப்பூச்சிலிருந்தோ வருகிறதென்று கருதலாம். மழை தொடங்கிப் பல வாரங்கள் சென்றபின், கிணற்று நீர்மட்டம் உயர்ந்த வேளையில் மெல்ல ஏறுமாயின், நிலத்தை ஐயுறவேண்டும். மழையையும் வெயிலையும் பொருட்படுத்தாமல் ஒரே அளவில் நிற்குமாயின், குழாயை நோக்கவேண்டும்.

இங்கே நமது நாட்டின் பருவங்களும் நமக்குத் துணைசெய்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையில் கிடைக்கிறது. கொழும்பு, காலி முதலிய தென்மேற்குப் பகுதிகளிலோ மே தொடக்கம் செப்டெம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவர் யூலை மாதத்துச் சோழகக் காற்றிலும் ஈரமாக நின்றால், அந்த ஈரத்துக்கு வானத்தைக் குறைகூற இயலாது.

இரண்டாவது சாட்சி இடமும் வடிவமும். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் சுவரின் நீளத்துக்கு ஒரு பட்டிபோலப் படர்ந்து, பெரும்பாலும் மூன்றடி நான்கடி உயரத்தில் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பிலே உப்பு வரிவரியாகப் பூத்திருக்கும். சுவரின் உச்சியில் தொடங்கிக் கீழே ஒடுங்கும் கறை கூரையைச் சுட்டிக்காட்டும். யன்னலின் கீழ் மூலைகளில் தோன்றும் கறை, யன்னல் அடித்தட்டு வெளிப்புறம் சரிவாக அமையாமையையோ, அதன் அடியில் நீர் சொட்டி விழுவதற்கான காடி இல்லாமையையோ காட்டும். நடுச் சுவரில் வட்டமாகத் தனித்து நிற்கும் கறைக்கு அருகில் குழாய் உண்டா என்று பார்க்கவேண்டும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, நான் நன்கறிந்த ஓர் ஆசிரியர் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். அவர்களுடைய வீட்டு விறாந்தைச் சுவரின் அடிப்பாகத்தில் நான்கடி அகலத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. நிலத்திலிருந்து வரும் ஈரமே இது என்றும், வீட்டைச் சுற்றி நான்கடி உயரத்துக்குப் பூச்சு முழுவதையும் உடைத்து, நீர் புகாச் சீமெந்து பூசவேண்டும் என்றும் அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. மகளின் மேற்படிப்புக்கென வைத்திருந்த சேமிப்பில் கைவைக்கவும் அவர் ஆயத்தமானார். அவருடைய மனைவியார்தாம் தடுத்தார். நிலம் சுவரின் நீளம் முழுவதற்கும் ஒன்றாக இருக்க, ஈரம் மட்டும் நான்கடிக்குள் ஏன் நிற்கிறது என்று அந்த அம்மையார் கேட்டார். அது மிகவும் நியாயமான கேள்வி.

அச்சுவரின் மறுபக்கம் குளியலறை. ஆகவே இரண்டு இரவுகள் ஒரு சோதனை செய்தார்கள். முதலிரவு, தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, நீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தி, தாங்கியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வைத்தார்கள். காலையில் மட்டம் குறையவில்லை. தாங்கியில் ஒழுக்கில்லை என்பது தெளிவாயிற்று. மறுநாள் இரவு, வால்வைத் திறந்துவிட்டு, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் அடைத்து, எவரும் நீர் எடுக்காமல் இருந்தார்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தது. குளியலறைச் சுவரினுள் புதைத்த குழாயின் பொருத்து ஒன்றிலிருந்து நீர் துளிதுளியாகக் கசிந்துகொண்டிருந்தது. ஓரடி அகலத்துக்குச் சுவரைக் கொத்தி அதைத் திருத்தினார்கள். அடுத்த மாதங்களில் பென்சிற் கோடுகள் ஒவ்வொன்றாக உள்நோக்கிச் சுருங்கின. மகளின் பணம் மகளுக்கே எஞ்சியது.

குளிர்ப் பிரதேசங்களில் வாழும் நேயர்களுக்கு வேறொரு சோதனை பயன்படும். நுவரெலியா போன்ற இடங்களில், இரவிற் சுவர் குளிர்ந்திருக்க, அடைத்த அறையிலே மூச்சுக்காற்றும் சமையலறை ஆவியும் சேர்ந்து சுவரிற் படிந்து நீராக மாறும். இதனை ஒடுங்கல் என்பர். இது ஒடுங்கலா, சுவருக்குள்ளிருந்து வரும் நீரா என்று அறிய, சுவரின் மேற்பரப்பைத் துடைத்துலர்த்தி, ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாட்கள் சென்றபின் பாருங்கள். துண்டின் அறைப்பக்கம் நனைந்திருந்தால், ஈரம் காற்றிலிருந்து வந்தது. யன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதே அதற்கு மருந்து. துண்டின் உட்புறம், சுவரை ஒட்டிய பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவரினுள்ளே இருக்கிறது.

மூன்றாவது சாட்சி உப்பு. கடல் மணலைக் கழுவாமற் சாந்து குழைத்தாலோ, உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தினாலோ, உப்பு பூச்சிலேயே தங்கிவிடும். கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடக்கும்போது காற்றிலுள்ள நீரைத் தானே ஈர்த்துக் கரையும். எனவே கூரையிலும் குழாயிலும் குறையில்லாத வீட்டிலும், மப்பான நாட்களில் சுவர் வியர்ப்பது போலத் தோன்றலாம். ஈரத்தை அளக்கவென விற்கப்படும் மின்கருவிகளும் உப்பைக் கண்டு ஏமாறி, உலர்ந்த சுவரை ஈரமென்று காட்டுவதுண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தில் இதனை எளிதிற் சோதிக்கலாம். சுவரிற் சுரண்டிய பொடியைக் காய்ச்சி வடித்த நீரிற் கரைத்து வடிகட்டி, சிறிது ஐதான நைத்திரிக்கமிலமும், பின்னர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் சில துளிகள் சேர்த்தால், குளோரைட்டு இருப்பின் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். ஆசிரியரின் கண்காணிப்பில் மாணவர்கள் தத்தம் வீட்டுச் சுவர்ப் பொடியைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம்.

பழைய வீடுகளில் வாழ்வோருக்கு ஒரு வார்த்தை. நம் பாட்டன்மார் சுண்ணாம்புச் சாந்தினாற் சுவர் எழுப்பி, சுண்ணாம்பினாலேயே பூசினார்கள். அந்தப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. நனைந்த சுவர் அதனூடாகத் தன் ஈரத்தை வெளியே விட்டு உலர்ந்துவிடும். போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். நமது காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கி, போர்ச்சூழலினால் 1990இல் நின்றுபோயிற்று. சீமெந்து மலிந்த காலத்தில், பழைய சுண்ணாம்புச் சுவர்கள் பலவற்றின்மீதும் வலிய சீமெந்துப் பூச்சு ஏறியது. மென்மையான சுவரின்மேல் வலிய பூச்சு மயிரிழைபோல் வெடிக்கும். வெடிப்பினூடாகப் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வெளிப்பூச்சை விரல் மூட்டினால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானையின் ஓசை எழுந்தால், அவ்விடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது என்று அறியலாம்.

இன்னுமொன்று. அத்திவாரத்தின்மேல் வைக்கப்படும் ஈரத்தடுப்புப் படை, வெளி நிலமட்டத்துக்குக் குறைந்தது ஆறு அங்குலம் மேலே இருக்கவேண்டும். பூஞ்சாடி வைக்கவும் வாகனம் நிறுத்தவும் முற்றத்தை மண்ணிட்டு உயர்த்திச் சீமெந்து போட்டால், அந்தப் படை மண்ணுக்குள் புதைந்து பயனற்றுப் போகும். அப்போது குற்றம் சுவரிலன்று, முற்றத்தில்.

காரணம் தெரிந்தபின்னர் அதை நீக்குங்கள். நீக்கியவுடன் வர்ணத்துக்கு விரையாதீர்கள். தடிப்பான சுவர் உலர மாதக்கணக்காகும். பூத்த உப்பை நீரினாற் கழுவினால் அது மீண்டும் சுவருக்குள் இறங்கும். உலர்ந்த தூரிகையினாற் தட்டி, விழுந்ததைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். பென்சிற் கோடுகள் சுருங்கி நின்று, ஒரு மாரி முழுவதும் புதுக்கோடு வரையத் தேவை ஏற்படாதபோது வர்ணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நோயின் முதலை நாடிய பின்பே மருந்தை நாடவேண்டும் என்பது வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த நெறி. வீட்டுச் சுவருக்கும் அது பொருந்தும். மேசன்மாரின் கைத்திறமையை நான் குறைத்துக் கூறவில்லை. நாம் அவர்களிடம் "இதைப் பூசிவிடுங்கள்" என்று சொன்னால் அவர்கள் பூசுவார்கள், "இந்த நீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் அவர்களும் நம்மோடு சேர்ந்து தேடுவார்கள். எந்த மாதம், எந்த உயரம், எந்த வடிவம் என்று எழுதிய குறிப்பொன்றை அவர்கள் கையிற் கொடுத்தால், தேடும் வேலை பாதி முடிந்துவிடும். அடுத்த முறை கறையைக் காணும்போது, வர்ணக் கடைக்குப் புறப்படுமுன் பிள்ளைகளின் புத்தகப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.