கொசுவின் நாக்கு காலில்

டெங்கியைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று கொசு எப்படி ருசி பார்க்கிறது என்று சொல்கிறேன். அதற்குக் காலிலும் நாக்கு உண்டு.

ஏடிஸ் கொசுவின் பாதங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் இருக்கின்றன. இறால் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருள்தான் அந்த முடியின் சுவரிலும் இருக்கிறது. முடியின் உள்ளே குழாய்போல வெற்றிடம், நுனியில் ஒரு துளை. குழாய்க்குள் பொட்டாசியம் மிகுந்த திரவம். அதில் நரம்பு அணுக்களின் நுனிகள் நனைந்தபடி இருக்கும். கால் தொடும் பொருள் துளை வழியே திரவத்தில் கரைந்து உள்ளே போகிறது. நரம்பு நுனியிலுள்ள புரதங்கள் அதை அடையாளம் காண்கின்றன: ஒன்று இனிப்பை, ஒன்று உப்பை, இன்னொன்று கசப்பை.

கொசு விரட்டி மருந்து இங்கேயும் வேலை செய்கிறது. 'டீட்' கலந்த மருந்தை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல் சோதித்தார்கள். மருந்து பூசிய தோலில் கால் பட்டதும் கொசு பறந்துவிட்டது. கால் படாமல் ஊசிவாய் மட்டும் பட்டபோதோ, அது கடித்தது!

ஆகவே கையில் இரண்டு சொட்டு தடவிவிட்டுக் கீழே நடக்கப் போகாதீர்கள். கொசு மருந்தில்லாத இடத்தில் காலை வைத்துக் கடிக்கும். கணுக்கால், முழங்காலின் பின்புறம், முழங்கை, கழுத்து என்று துணி மூடாத இடமெல்லாம் பூசுங்கள். கண், வாய், புண் உள்ள இடங்களில் வேண்டாம். வியர்த்தால் மறுபடியும் பூச வேண்டும். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. அவர்களுக்கு டெங்கி கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

முட்டையிடும்போதும் பெண் கொசு காலால் நீரைத் தொட்டுப் பார்க்கிறது. நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். உப்பு அதிகமென்றால் தயங்கும். "அப்படியானால் பூந்தொட்டித் தட்டில் உப்பைப் போடலாமே?" என்று கேட்பீர்கள். வேண்டாம். செடிக்கு நீர் ஊற்ற ஊற்ற உப்பு கரைந்து குறைந்துவிடும், செடிக்கும் கெடுதல். தட்டைக் கவிழ்த்துக் கொட்டுங்கள், பிறகு ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் சாகாது.

துணி காயப்போடும் கம்பு செருகும் குழாயையும் பூஜையறைப் பூச்சாடியையும் இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.