பொடி வைத்து ஊதிய கதை

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் இதே சங்கம்தான் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தது: "பால்கனியில் சிலிண்டர் வைத்து நெருப்பு வேலை செய்யக் கூடாது." அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. கடிதம் நூற்றுக்கு நூறு சரி என்று பிறகு புரிந்தது. ஆகவே முதலில் சங்கத்துக்கு நன்றி. மேல் வீட்டு மாமியின் துணிக்கொடிக்கும் மன்னிப்பு.

நான் பி.காம். படித்தவன். 36 வருஷம் வங்கியில் கிளார்க். இன்ஜினியரிங் வாசனையே கிடையாது. ஆனால் சின்ன வயசில் பள்ளிக்கூட லீவுக்குத் திருச்சி பொன்மலையில் மாமா வீட்டுக்குப் போவேன். அங்கே பார்த்த நீராவி இன்ஜின் மனசை விட்டுப் போகவில்லை. ரிட்டயர் ஆனதும் ஒரு சின்ன நீராவி இன்ஜின் செய்து, அதை உண்மையான நீராவியில் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே 'மாடல் இன்ஜினியர்' என்று ஒரு பத்திரிகை 1898-இல் தொடங்கியது. அங்கே குமாஸ்தாக்கள், வாத்தியார்கள் எல்லாம் வீட்டுக் கொட்டகையில் இன்ஜின் செய்திருக்கிறார்கள். அவர்களால் முடியும் என்றால் நம்மாலும் முடியும் என்று துணிந்துவிட்டேன்.

இன்ஜினைக்கூடச் செய்துவிடலாம். கஷ்டம் பாய்லரில். நான் எடுத்துக்கொண்டது 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய். மேலும் கீழும் செம்புத் தகட்டு மூடி. வேலை செய்யும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ. நம் வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கி விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 1 கிலோதான். அப்படியானால் என் பாய்லரின் ஒரு மூடி மேல் எவ்வளவு பளு? மூடியின் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர். அதை 3-ஆல் பெருக்கினால் 132 கிலோ. அதாவது இந்தச் சின்ன டப்பாவின் மூடியை இரண்டு பெரிய ஆட்கள் உள்ளேயிருந்து உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவது ஒரு ஒட்டு. அந்த ஒட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ரேடியோ ரிப்பேர்க் கடையில் பற்றவைக்கிற ஈயம் இதற்கு உதவாது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த அந்தக் கலவை 183 டிகிரியில் உருக ஆரம்பித்துவிடும். 3 கிலோ அழுத்தத்தில் நீராவியே 143 டிகிரி சூட்டில் இருக்கும். உருகாவிட்டாலும் அந்தச் சூட்டில் ஈயத்துக்குப் பலம் போய்விடும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் ஒட்டே கழன்றுவிடும். வெல்டிங் என்றால் இரண்டு உலோகத்தையும் உருக்கிச் சேர்ப்பது. மெல்லிய செம்பில் அது நம் கைக்கு வராத வேலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பிரேசிங். சேர்க்கப்படும் உலோகம் உருகாது, நடுவில் ஓடும் கலவை மட்டும் உருகும். அந்தக் கலவை உருகும் சூடு 450 டிகிரிக்கு மேல் இருந்தால் பிரேசிங், கீழே இருந்தால் சால்டரிங் என்பது கணக்கு. வெள்ளி கலந்த ராடு வைத்துச் செய்வதைப் பழக்கத்தில் சில்வர் சால்டரிங் என்கிறார்கள். உண்மையில் அதுவும் பிரேசிங்தான். 55 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு, துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயம் கொண்ட ராடு 630-லிருந்து 660 டிகிரிக்குள் உருகிவிடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். நடுவில் இருக்கும் அந்த 400 டிகிரி இடைவெளிதான் நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குப் பாதுகாப்பு.

இந்த வேலையை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வங்கியிலேயே. நகைக்கடன் பிரிவில் மதிப்பீட்டாளராக ஒரு பத்தர் வருவார். அவர் பட்டறைக்கு ஒருநாள் போனபோது, அறுந்த சங்கிலிக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நாம் பேச்சில் சொல்வது அவருக்கு நிஜத் தொழில். வெண்காரத்தைத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "நேரா பொடி மேலேயே காட்டக் கூடாதா பத்தரே?" என்றேன். "பொடிக்குக் காட்டினா பொடிதான் சார் உருகும். நகைக்குக் காட்டணும். நகை சூடாகி அது பொடியை இழுத்துக்கணும்" என்றார். முப்பது வருஷம் கழித்து அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குப் பாடமாக வந்தது.

அவர் சொன்ன அந்த 'இழுத்துக்கொள்வது' என்ன? விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதேதான். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு இருந்தால், உருகிய வெள்ளிக் கலவை தானாக அதற்குள் ஓடும். சூடு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் போகும். இடுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கனம். அதைவிட ரொம்ப அகலமானால் இழுக்காது. இடுக்கே இல்லாமல் இறுக்கினால் உள்ளே போக வழியில்லை.

அடுத்தது சுத்தம். கை ரேகையின் எண்ணெய்ப் பசைகூட எதிரி. பித்தளைக் குடத்தை நம் அம்மாக்கள் புளி போட்டுத் தேய்த்ததற்கும் இதற்கும் ஒரே காரணம். புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. நான் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து அதில் செம்பை ஊறவைக்கிறேன். பிறகு கழுவித் துடைத்தால் ஒட்டும் இடத்தைக் கையால் தொடுவதில்லை.

மூன்றாவது ஃபிளக்ஸ். செம்பு சூடானால் காற்று பட்டுக் கறுக்கும். கறுத்த இடத்தில் வெள்ளி ஒட்டாது. ஃபிளக்ஸ் ஒரு போர்வை மாதிரி மூடிக் காக்கும். பத்தரின் வெண்காரம் எனக்கு ஏன் உதவவில்லை என்று ரொம்ப நாள் குழம்பினேன். அது உருகவே 743 டிகிரி வேண்டும். என் ராடோ 630-லேயே உருக ஆரம்பித்துவிடும். காவலர் வருவதற்குள் திருடன் போய்விடுகிறான்! இந்த ராடுக்கு ஃபுளோரைடு கலந்த ஃபிளக்ஸ் வேண்டும். அதுவே நமக்குத் தெர்மாமீட்டரும்கூட. முதலில் கொதித்து வெள்ளையாகப் பொங்கும், பிறகு அடங்கும், கடைசியில் கண்ணாடி மாதிரித் தெளிந்து ஓடும். செம்பு மங்கலாகச் சிவந்திருக்கும். அப்போதுதான் ராடால் தொட வேண்டும். இதை வெயிலில் செய்தால் அந்தச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாது. நிழலில் செய்ய வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு முதல் பாய்லரைச் செய்தேன். ஓரத்தைச் சுற்றி வெள்ளி மோதிரம் போட்டது மாதிரி அழகான வளையம். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். அப்போது ஏழாவது படித்த பேரன், "தாத்தா, இப்பவே தண்ணி ஊத்திக் கொதிக்க வைக்கலாம்" என்று குதித்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் புத்தகங்களில் ஒரு விதி போட்டிருந்தது. புது பாய்லரை நீராவிக்கு விடும் முன், உள்ளே காற்றே இல்லாமல் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு கொடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அது 6 கிலோ. தண்ணீர் அமுங்காது. அதனால் எங்கேயாவது விட்டுவிட்டால் கொஞ்சம் பீய்ச்சும், அவ்வளவுதான். காற்றோ நீராவியோ என்றால் சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி வெடிக்கும்.

கைப்பம்பால் மெதுவாக ஏற்றினேன். 2 கிலோ, 3 கிலோ, சரி. 4-ஐத் தொட்டதும் டக்கென்று சத்தம். கீழ் மூடியின் ஓரம் விரிந்து தண்ணீர் என் சட்டையெல்லாம். பேரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் பேச்சைக் கேட்டு அன்றைக்கு நீராவி ஏற்றியிருந்தால், 3 கிலோவில் கொஞ்ச நேரம் அது பிடித்திருக்கலாம். அவன் முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஹேக்சா பிளேடால் அதை அறுத்துப் பார்த்தேன். வெளியே வெள்ளி வளையம். உள்ளே மடிப்பு முழுக்கச் செம்பு செம்பாகவே இருந்தது, ஒரு துளி வெள்ளி உள்ளே போகவில்லை. காரணம் என் கெட்டிக்காரத்தனம். மூடி ஆடக் கூடாது என்று சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றியிருந்தேன். பொடி உள்ளே போக இடுக்கே இல்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு என்ட்ரியே போடாமல் விட்டாலும் டேலி ஆகும். 36 வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன், வெளியே தெரிந்த பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோனேன்.

இரண்டாவது பாய்லரில் மூடியைத் தளர்வாகவே செய்தேன். ஓரத்தில் நாலு இடத்தில் சென்டர் பஞ்சால் லேசாகக் குத்தினேன். அந்தப் புள்ளிகள் இடுக்கைச் சமமாக வைத்துக்கொள்ளும். வெள்ளிக் கம்பியை வளையமாக வளைத்து மடிப்பின் உள்பக்கம் வைத்து, வெளிப்பக்கத்தைச் சூடாக்கினேன். சிறிது நேரத்தில் வெளி ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு ஓடி வந்தது. உள்ளே வைத்தது வெளியே வந்தால் நடுவில் நிரம்பித்தானே வந்திருக்க வேண்டும்? இந்தப் பக்கம் போட்ட வவுச்சர் அந்தப் பக்கம் லெட்ஜரில் ஏறியதைக் கண்ணால் பார்த்த மாதிரி. 6 கிலோ ஏற்றிப் பத்து நிமிஷம் வைத்தேன், முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான், சேஃப்டி வால்வு போட்டு, நீராவி.

இனி நெருப்பும் புகையும். நம் வீட்டுக் கேஸ் சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான் என்பது சட்டம். பால்கனி இந்த வேலைக்கான இடமே இல்லை. சிமெண்ட் தரையில் நேராகத் தீ பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, சில்லு சில்லாகத் தெறிக்கும். எனக்கும் தெறித்தது. அந்தச் சூடுபட்ட துண்டுதான் மாமியின் புடவையில் ஓட்டை போட்டது. இப்போது அராவுவது, பொருத்துவது மட்டும் வீட்டில். நெருப்பு வேலை அம்பத்தூரில் ஒரு நண்பரின் லேத் பட்டறையில், நெருப்புச் செங்கல் அடுக்கி, காற்றோட்டமான இடத்தில்.

புகை பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய சில்வர் ராடுகள் சிலவற்றில் கேட்மியம் இருக்கும். ஒருகாலத்தில் நகைக்கடைப் போர்டுகளில் 'கேடிஎம்' என்று பெருமையாக எழுதியிருப்பார்களே, அதுவும் இந்தக் கேட்மியம்தான். நன்றாக ஓடும், குறைந்த சூட்டில் உருகும். ஆனால் அதன் புகை நுரையீரலைத் தாக்கும், சிறுநீரகத்தையும் விடாது. முகர்ந்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்டும். ஐரோப்பிய நாடுகளில் 2011 டிசம்பரிலிருந்து பிரேசிங் ராடுகளில் இதற்குத் தடை. எங்கள் பத்தருக்குக் கடைசி வருஷங்களில் ஓயாத இருமல். அது எதனால் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஊதுகுழலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருமலும் நினைவு வருகிறது. ராடு வாங்கும்போது கேட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

"சார், நாங்கள் யாரும் பாய்லர் செய்யப் போவதில்லையே" என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் உங்கள் எல்லோர் வீட்டுச் சுவரிலும் பிரேசிங் இருக்கிறது. ஏ.சி.யின் செம்புக் குழாய்களைச் சேர்ப்பது அதேதான். செம்போடு செம்பு சேர்க்க அவர்கள் பாஸ்பரஸ் கலந்த ராடு வைப்பார்கள், அதற்கு ஃபிளக்ஸ்கூட வேண்டாம். அடுத்த தடவை மெக்கானிக் கேஸ் லீக் என்று குழாயைப் பற்றவைத்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். தீ வைக்கும் முன் உள்ளே இருக்கும் கேஸை முறையாக எடுத்துவிட்டாரா? இப்போது நிறைய ஏ.சி.யில் இருக்கும் ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது. ஒட்டு ஆறியபின் நைட்ரஜன் ஏற்றி லீக் சோதித்தாரா? நைட்ரஜன் இல்லை என்று ஆக்சிஜன் ஏற்ற வந்தால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரெஸர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். "தம்பி, டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் கேஸ் போடுப்பா" என்று தன்மையாகச் சொன்னாலே போதும்.

பாய்லர் மேஜை மேல் இருக்கிறது, பக்கத்தில் அறுத்துப் போட்ட முதல் பாய்லரும் இருக்கிறது. பாராட்ட வருகிறவர்கள் இரண்டாவதைப் பாருங்கள். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் அந்த அறுத்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். பேரன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் என்னிடம் அவனாகவே கேட்டான்: "தாத்தா, தண்ணி டெஸ்ட் மறுபடியும் எப்போ பண்ணணும்?" எனக்கு அது போதும்.