ஏடு காத்த குடி



சப்பானின் பழந்தலைநகராம் கியோத்தோவில் இரெய்சேய் என்னும் அரசவைக் குடி வாழ்கிறது. 1241-இல் மறைந்த பாவலர் தெய்க்காவின் வழிவந்த அக்குடிக்கு வாளன்று, பாட்டே தொழில்.

தெய்க்காவின் மருமகள் அபுத்சு, கணவர் மறைந்தபின், தம் மகனின் உரிமை காக்க 1279-இல் காமகுரா சென்று வழக்காடினார். அம்மகன் தமேசுகேயே குடிமுதல்வர்.

1788-இல் பெருந்தீ அவர்தம் மனையை எரித்தது. மண்சுவர் ஏட்டறையோ தப்பியது. 1869-இல் பேரரசர் தோக்கியோவுக்குப் பெயர்ந்தபோது அரசவைக் குடிகள் பல பின்சென்றன. இக்குடி ஏடுகளோடு கியோத்தோவிலேயே நின்றது. தோக்கியோவை 1923-இல் நிலநடுக்கத் தீயும் 1945-இல் போர்த்தீயும் தின்றன. தெய்க்கா கைப்பட எழுதிய நாட்குறிப்போ இன்றும் கியோத்தோவில் உள்ளது!

1947-இல் பட்டம் போயிற்று, ஏடு நின்றது. 1981-இல் அறக்கட்டளை நிறுவி, அவ்வேடுகளை அறிஞர்க்குத் திறந்தனர். காத்தலும் கடன், கற்பார்க்கு ஈதலும் கடன்!