பரணில் கிடக்கும் கம்ப்யூட்டர்

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் பழைய டெஸ்க்டாப் ஒன்று துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ அந்தப் பெட்டிகளில் பல ஏற்காது. அதற்காகக் காயலான் கடைக்குத் தூக்கிவிடாதீர்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. 2 ஜிபி ராம் போதும்; 4 ஜிபி இருந்தால் சௌகரியம். காசு கிடையாது. பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

லினக்ஸ் நமக்குப் புதிதா என்ன? மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் சென்னையில் உருவானதுதான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் அது இருந்தது. எத்தனை பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை!

ஆன் செய்ததும் தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றுங்கள், தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் திறக்காது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் வேகம் நன்றாகவே கூடும்.

ஒன்று மட்டும். டிஸ்க்கை அழித்து நிறுவினால் பழையது எதுவும் மிஞ்சாது. குழந்தைகளின் போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.