பாடசாலைக் காசு: முதலில் பெற்றோரைக் கேளுங்கள்

(கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர் யுவதிகளுக்காக வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைக் கடைகளில் நிற்பவர்களும், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கிப் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும், வீட்டு வேலை செய்யும் சகோதரிகளும் வந்திருக்கிறீர்கள். கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை இதற்குத் தந்திருக்கிறீர்கள். "படித்த தோட்டப் பாடசாலைக்குக் காசு சேர்த்திருக்கிறோம். என்ன செய்யலாம்?" என்று கேட்டீர்கள். என் பதில் இதுதான்: இன்று அங்கே பிள்ளையை அனுப்பும் பெற்றோரிடம் கேளுங்கள்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1977 முதல்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை துரை தீர்மானித்தார். பிறகு அதிகாரிகள் தீர்மானித்தார்கள். 2006 முதல் பாடசாலை மட்டத்திலேயே திட்டமிடும் முறை வந்தது. அதில் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் இடம் உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒவ்வொரு பெற்றோரும் பேசலாம். கடதாசியில் உரிமை இருக்கிறது.

நடைமுறை என்ன? கூட்டம் வார நாளில், காலை பத்து மணிக்கு. மலையில் கொழுந்து எடுக்கும் அம்மா வந்தால் அன்றைய பேர் போய்விடும். வருகிற சிலர் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். "பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள்" என்று பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில், கொழும்பிலிருந்து சேர்த்து அனுப்பிய காசில் வாசலுக்கு வளைவு கட்டினார்கள். திறப்பு விழாவும் நடந்தது. பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை. பெரிய பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பாடசாலைக்கு வராமல் நின்றார்கள். கேட்டிருந்தால் எந்த அம்மாவும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

"படிக்காத பெற்றோருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று சிலர் சொல்வார்கள். சம்பளத்தில் வெட்டெல்லாம் போக மிஞ்சியதை வைத்து, ஆறு பேர் குடும்பத்தை மாதக் கடைசி வரை நடத்துகிறவர் அந்த அம்மா. எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவருக்கு நாம் படிப்பிக்கத் தேவையில்லை.

எப்படிக் கேட்பது? முதலில் தொகையைச் சொல்லுங்கள். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளூராட்சி அமைப்புகளுக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, அதன் பிறகுதான் கிராம சபைகளில் தேவைகளைக் கேட்டார்கள். கையில் பணம் இருந்ததால் மக்கள் சொன்ன சொல்லுக்குப் பெறுமதி இருந்தது. தொகையைச் சொல்லாமல் கேட்டால் அது வெறும் பேச்சு.

இரண்டாவது, மக்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஞாயிறோ போயாவோ, பிரட்டுக்களத்தில், கோயில் வாசலில், லயம் லயமாக. பெண்களிடம் தனியாகவும் கேளுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். தேவைகளைப் படமாக வரைந்து வையுங்கள்: தண்ணீர்த் தொட்டி, மேசை கதிரை, வாசிப்புப் புத்தகம், கூரை. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, வேண்டியதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். கடலை கொடுக்காதீர்கள், பிள்ளைகள் தின்றுவிடும். எழுதத் தெரியாதவரும் இதில் சமமாக வாக்களிக்கலாம்.

மூன்றாவது, எது யாருடைய பொறுப்பு என்று பிரியுங்கள். ஆசிரியர் நியமனமும் புதிய கட்டடமும் உங்கள் காசில் செய்கிற வேலை அல்ல. அவற்றை வலயக் கல்விப் பணிமனையிடமும் மாகாணக் கல்வி அமைச்சிடமும் கேட்க வேண்டும். பாடசாலைக்குப் போகும் பாதைக்குப் பிரதேச சபையைக் கேளுங்கள். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று சபைகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் இப்போது உறுப்பினர்களும் இருக்கிறார்கள். வருட முடிவில் சபை தன் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும் முன்பே கோரிக்கை போய்ச் சேர வேண்டும். அரசாங்கம் கட்ட வேண்டியதை நாம் கட்டிக்கொடுத்தால், அடுத்த வருடமும் நம்மையே கட்டச் சொல்வார்கள்.

கடைசியாக, கணக்கு. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதைத் தமிழில் எழுதிப் பாடசாலைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இது அதிபரோடு சண்டை பிடிக்கும் வழி அல்ல. நேர்மையான அதிபருக்குச் சுவரில் இருக்கும் கணக்கே பாதுகாப்பு.

தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போவீர்கள். அதற்கு முன் இங்கேயே தோட்டம் தோட்டமாகச் சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். ஊரில் தோட்டத் தலைவரும் மாதர் சங்கமும் கூட்டம் வைக்க உதவுவார்கள். அந்தக் கூட்டம் முடியும் வரை காசை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். சேர்த்தது நீங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. எதற்குச் செலவழிப்பது என்பதில் முதல் சொல் பிள்ளையின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருக்கட்டும்.