ஒரு தோல்வியும் வேட்பாளர் வரிசையும்: 2005க்குப் பின் ஐக்கிய தேசியக் கட்சி



இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் யானைச் சின்னம் கடைசியாக இடம்பெற்றது 2005 நவம்பர் 17ஆம் திகதி. அதன் பிறகு 2010, 2015, 2019, 2024 என நான்கு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்துவிட்டன. 2019இல் 35 வேட்பாளர்கள். அந்த நீண்ட சீட்டை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாலும் யானையைக் காண முடியாது. 2024இல் ரணில் விக்கிரமசிங்கவே போட்டியிட்டார். அவருடைய சின்னம் எரிவாயு சிலிண்டர்.

யானை யாருடைய சின்னம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1946இல் பிறந்த ஐக்கிய தேசியக் கட்சிதான் 1978 யாப்பின் மூலம் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறையை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது. முதலிரண்டு தேர்தல்களிலும், 1982இல் ஜே. ஆர். ஜயவர்தனவும் 1988இல் ரணசிங்க பிரேமதாசவும், அந்தக் கட்சியே வென்றது. தான் உண்டாக்கிய பதவிக்கு இருபது ஆண்டுகளாகத் தன் சொந்தச் சின்னத்தில் ஒருவரைக்கூட நிறுத்த முடியாத நிலைக்கு ஒரு கட்சி எப்படி வந்தது? அதற்கு விடை 2005இல் ஏற்பட்ட அந்த ஒரு தோல்வியில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தோல்விக்குக் கட்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்ட விளக்கத்தில் இருக்கிறது.

2005க்கு முன்பே கட்சியின் வரிசை மெலிந்திருந்தது. 1991இல் பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணை முயற்சியை அடுத்து லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1993 ஏப்ரலில் லலித் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து, மே தினத்தன்று, பிரேமதாச கொல்லப்பட்டார். கட்சிக்குத் திரும்பி வந்து ஜனாதிபதி வேட்பாளரான காமினி, 1994 ஒக்டோபரில் தொட்டலங்கக் கூட்டத்தில் குண்டுவெடிப்பில் மாண்டார். அவருடைய மனைவி சிறிமா திசாநாயக்க அவசரமாக நிறுத்தப்பட்டு, சந்திரிகாவிடம் தோற்றார். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு தலைமுறையே இல்லாமல் போய்விட்டது. எஞ்சி நின்றவர்களில் தலைமை ரணிலிடம் வந்தது. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அன்று கட்சியில் பதில் இல்லை. அது அவருடைய குற்றமுமல்ல.

1999இல் ரணில் சந்திரிகாவிடம் தோற்றார். 2001 இறுதியில் பிரதமரானார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். 2004இல் ஆட்சியை இழந்தார். அடுத்த ஆண்டு மஹிந்த ராஜபக்ஷவை எதிர்த்து நின்றார்.

அந்தத் தேர்தலின் எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மஹிந்தவுக்கு 48 லட்சத்து 87 ஆயிரத்து 152 வாக்குகள், 50.29 வீதம். ரணிலுக்கு 47 லட்சத்து 6 ஆயிரத்து 366, 48.43 வீதம். வித்தியாசம் ஒரு லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் நம்முடைய முறையில் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தைவிடப் பாதிக்கோடுதான் முக்கியம். செல்லுபடியான வாக்குகளில் பாதியை மஹிந்த தாண்டியது வெறும் 28 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளால். வேறு எவருக்காவது இன்னும் ஓர் 60 ஆயிரம் வாக்குகள் பெட்டியில் விழுந்திருந்தால் அவர் 50 வீதத்துக்குக் கீழே வந்திருப்பார், இரண்டாம் விருப்புவாக்குகளை எண்ண வேண்டியிருந்திருக்கும்.

அதே நாளில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் பேர் வாக்காளர் இடாப்பில் இருந்தார்கள். வாக்களித்தவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர், அதாவது 1.21 வீதம். வாக்குச்சாவடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அறிவிப்பும் அதைச் சூழ்ந்த அச்சமும் மக்களை வீட்டோடு நிறுத்திவிட்டன. துணிந்து போய் வாக்களித்தவர்களில் பத்தில் ஏழு பேர் ரணிலுக்கே வாக்களித்தார்கள். அந்த ஒரு நாள் தங்கள் வாக்கைப் பயன்படுத்த முடியாமல் போனதற்கு வடக்கு மக்கள் கொடுத்த விலையை இந்த அவையில் நான் விரித்துரைக்கத் தேவையில்லை. இங்கே பலருடைய குடும்பங்களிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது.

தோல்விக்குப் பிறகு கட்சிக்குள் இரண்டு விளக்கங்கள் உலவின. வடக்கு வாக்களித்திருந்தால் நாம் வென்றிருப்போம், ஆகவே தலைவரிடமோ கொள்கையிடமோ தவறில்லை, விதி சதி செய்துவிட்டது என்பது ஒன்று. தெற்கின் சிங்களக் கிராமங்கள் போர்நிறுத்தத்தை மன்னிக்கவில்லை, கட்சியின் முகத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன, ஆகவே அவர்கள் சந்தேகிக்காத ஒருவர் வேண்டும் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருந்தது. முதலாவதை முழுமனதாக ஏற்றிருந்தால் ரணிலே மறுபடி நின்றிருக்க வேண்டும். இரண்டாவதை முழுமனதாக ஏற்றிருந்தால் தலைமை மாறியிருக்க வேண்டும். கட்சி இரண்டையும் பாதிப்பாதியாக ஏற்றது. முதல் விளக்கத்தைக் காட்டித் தலைவர் தலைவராகவே இருந்தார். இரண்டாவதைக் காட்டி வேட்பாளர் வெளியில் தேடப்பட்டார். நடுவில் நின்ற இரண்டாம் வரிசைக்குத் தலைமையும் கிடைக்கவில்லை, வேட்பாளர் இடமும் கிடைக்கவில்லை. இந்த உரையில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் வெளிப்பட்ட விளைவு கட்சித் தாவல். 2007 ஜனவரியில் கட்சியின் பிரதித் தலைவர் கரு ஜயசூரிய 17 உறுப்பினர்களோடு அரசாங்கத்தில் சேர்ந்தார். ஜி. எல். பீரிஸ், மிலிந்த மொரகொட, காமினியின் மகன் நவீன் திசாநாயக்க என, நாளை வேட்பாளராக வரக்கூடியவர்கள் என்று பேசப்பட்ட பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பதவி ஆசை என்று சொல்லிக் கடந்துவிடலாம், அது இல்லாமலும் இல்லை. ஆனால் மேலே போகும் வழி அடைபட்ட வீட்டில் ஆற்றல் உள்ளவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? கரு ஜயசூரிய 2008 இறுதியில் திரும்பி வந்தார். 2011 டிசம்பரில் தலைமைக்குப் போட்டியிட்டு, கட்சிச் செயற்குழு வாக்கெடுப்பில் தோற்றார்.

அடுத்தது இராணுவத்தினரைத் தேடியது. 2008 வடமத்திய மாகாண சபைத் தேர்தலில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜானக பெரேராவைக் கட்சி முன்னிறுத்தியது. அவர் அதே ஆண்டு ஒக்டோபரில் அனுராதபுரத்தில் கொல்லப்பட்டார். போர் முடிந்ததும் அதே யோசனை பெரிதாகி, 2010 ஜனவரியில் சரத் பொன்சேகாவாக அன்னச் சின்னத்தில் வந்தது. போரை நடத்திய தளபதியைக் கொண்டு போரை வென்ற ஜனாதிபதியைத் தோற்கடிப்பது திட்டம். பொன்சேகா 40.15 வீதம் பெற்றார். 2005இல் தோற்ற தலைவர் சொந்தச் சின்னத்தில் பெற்றதைவிட எட்டு வீதத்துக்கும் மேல் குறைவு. அந்தத் தேர்தலில் எவராலும் மஹிந்தவை வென்றிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வெல்ல முடியாத தேர்தல்தான் அடுத்த தலைமுறையைக் களத்தில் இறக்கிப் பார்க்க ஏற்ற தேர்தல். 43 வயதான சஜித் பிரேமதாசவையோ வேறொருவரையோ அன்று நிறுத்தியிருந்தால், தோற்றாலும் நாடு முழுக்க ஒரு முறை மேடையேறிய அனுபவம் கட்சியிடம் மிஞ்சியிருக்கும்.

2015இல் அதே வழி பலித்தது. அதுதான் கட்சிக்கு நேர்ந்த பெரிய கேடு என்று நினைக்கிறேன். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த மைத்திரிபால சிறிசேன அணி மாறி, பொது வேட்பாளராக 51.28 வீதம் பெற்று வென்றார். நாட்டுக்கு அது நன்மை. பத்தொன்பதாம் திருத்தமும் மூச்சுவிட ஓர் இடைவெளியும் அதனால் கிடைத்தன. கட்சிக்கு? கிராமந்தோறும் சுவரொட்டி ஒட்டியவர்களும் வாக்குச்சாவடி முகவர்களும் பெரும்பாலும் யானைக் கட்சிக்காரர்கள். அவர்கள் உழைத்து உட்காரவைத்த ஜனாதிபதி, 2018 ஒக்டோபர் 26 இரவு அவர்களுடைய பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு மஹிந்தவைப் பிரதமராக்கினார். உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பழைய நிலை திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. இரவல் வேட்பாளருக்கு அந்தக் கட்சியிடம் கடமை எதுவும் இல்லை என்பதை அந்த இரவு எல்லோரும் பார்த்தார்கள்.

2019இல் கடைசியாகக் கட்சிக்காரர் ஒருவரே வேட்பாளரானார். எப்படி ஆனார் என்பதைப் பாருங்கள். எதிரணி வேட்பாளராகக் கோட்டாபய ராஜபக்ஷவின் பெயர் ஓகஸ்ட் 11இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. பிரதமர் பக்கம் ஓர் அணி, சபாநாயகராக இருந்த கரு ஜயசூரிய பக்கம் ஓர் எண்ணம், பதுளையிலும் மாத்தறையிலும் பெருங்கூட்டம் திரட்டித் தன் பலத்தைக் காட்டிய சஜித் ஒரு பக்கம். இழுபறி முடிந்து செயற்குழு சஜித்தை ஏற்றது செப்டம்பர் 26இல். வாக்களிப்புக்கு ஏழு வாரமே இருந்தது. அப்போதும் சின்னம் அன்னம்தான். 52 வயதில், சொந்தக் கட்சியோடு போராடிக் களைத்த நிலையில், தன் முதல் ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்தவர் 41.99 வீதம் பெற்றுத் தோற்றார். அடுத்த ஆண்டு கட்சி உடைந்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் சஜித் தலைமையில் பிரிந்துபோன ஐக்கிய மக்கள் சக்தி 54 ஆசனங்கள் பெற்றது. தாய்க்கட்சிக்கு 2.15 வீத வாக்கும் தேசியப் பட்டியலில் ஓர் ஆசனமும் மட்டுமே கிடைத்தன. 2022இல் ரணில் ஜனாதிபதியானார் என்றால், அது நாடாளுமன்ற உறுப்பினர்கள் 134 பேரின் வாக்கால், அதுவும் பெரும்பாலும் ராஜபக்ஷக்களின் மொட்டுக் கட்சியினரின் வாக்கால்.

2005 தமிழ் மக்கள் விஷயத்தில் வேட்பாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றும் உண்டு. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் சமஷ்டி அடிப்படையில் தீர்வை ஆராய இணங்கிய அரசாங்கத்தின் தலைவர் தோற்றார். ஒற்றையாட்சியை வலியுறுத்தியவர் வென்றார். அதன்பின் அந்த அணியிலிருந்து வந்த வேட்பாளர்கள் வடக்கின் வாக்கு எப்படியும் வரும், எழுத்தில் எதுவும் கொடுத்தால் தெற்கின் வாக்கு போகும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்கள். வாக்கு வரவும் செய்தது. சிறிசேனவுக்கு யாழ்ப்பாணம் 74 வீதம் கொடுத்தது, சஜித்துக்கு 83 வீதத்துக்கு மேல் கொடுத்தது. 2019இல் ஐந்து தமிழ்க் கட்சிகள் முன்வைத்த 13 அம்சக் கோரிக்கையைப் பிரதான வேட்பாளர் எவரும் ஏற்கவில்லை. 2024இல் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. யாழ்ப்பாணத்தில் சஜித் முதலிடம் பெற்றாலும் மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு அருகில் நின்றார். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் அவருக்கு நெருக்கமாக வந்தார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அந்த மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கொண்டுபோயிற்று.

அந்தத் தேசிய மக்கள் சக்தியின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 வீதம். அதை அவமானமென்று கருதி வெளியே பிரபலங்களைத் தேடியிருக்கலாம். அவர்கள் அதே வேட்பாளரை, அதே திசைகாட்டிச் சின்னத்தோடு, ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராகக் கூட்டிச் சென்றார்கள். 2022 பொருளாதார வீழ்ச்சி வராமல் இருந்திருந்தால் அது பலித்திருக்குமா என்று கேட்டால், பலித்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் வீழ்ச்சி வந்த அன்று, மக்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு முகமும் சின்னமும் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தன.

2024 செப்டம்பர் 21 தேர்தலில் அநுர 42.31 வீதம் பெற்றார். இந்நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக விருப்புவாக்குகள் எண்ணப்பட்டன. சஜித்துக்கு 32.76 வீதம், ரணிலுக்கு 17.27 வீதம். இரண்டையும் கூட்டினால் 50.03 வருகிறது. இந்தக் கூட்டலைத் தேர்தல் முடிந்த கையோடு பலர் போட்டுவிட்டார்கள். பிரிந்ததால்தான் தோற்றோம், சேர்ந்திருந்தால் வென்றிருப்போம் என்கிறார்கள். 2005இல் கட்சி வடக்கைக் காட்டிச் சொன்ன அதே விளக்கம்தான் இது. எண்ணளவில் சரி, ஆகவே ஆபத்தானது. ரணிலுக்கு விழுந்த வாக்குகளில் மொட்டுக் கட்சியிலிருந்து வந்து அவருக்காக வேலை செய்தவர்களின் வாக்குகளும் இருந்தன. அவை சஜித்துக்குப் போயிருக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு மாதத்துக்குள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்தி 17.66 வீதம் பெற்றது, சிலிண்டர் அணி 4.49 வீதம் பெற்றது. அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். இரு அணிகளும் ஒன்றிணைவதா, யார் தலைவர் என்பதைப் பற்றித்தான் கொழும்பில் பேச்சு நடக்கிறது. அந்த அணிகளில் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருப்பவர்களும், பெண்களும், தமிழ் முஸ்லிம் உறுப்பினர்களும் எந்த முறையில், யாருடைய வாக்கால் வேட்பாளராக வர முடியும் என்று எழுதிவைத்த விதி ஒன்றுகூட இன்னும் பேச்சுக்கு வரவில்லை. கட்சிக் கிளைகளில் உறுப்பினர்கள் வாக்களித்து, தேர்தலுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறையை 2026இலேயே கட்சி யாப்பில் சேர்த்துவிடுங்கள் என்று அக்கட்சிகளின் நண்பர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.